திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு

எரிபொருளுக்குப் பணமின்றி இலங்கை நாடே தவித்து, நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரையில் மின்சாரம் துண்டிக்கப்பட்ட 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், ஒரு மாலைப்பொழுது, கொழும்பின் கொட்டாஞ்சேனையில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வெள்ளவத்தையிலிருக்கும் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, எல்லாம் போட்டுது" என்ற மூன்றே சொற்களைச் சொல்லிவிட்டு மௌனமானார். கும்பாபிஷேக மலர்களையும், பழைய பாடசாலைச் சஞ்சிகைகளையும், வேறெங்கும் பிரதி கிடைக்காத துண்டுப் பிரசுரங்களையும் வீடு வீடாகச் சென்று இரவல் வாங்கி, ஒவ்வொரு பக்கமாக வருடிப் படமெடுத்து, தம்முடைய கணினியில் சேமித்து வருவதையே முதுமைக்காலத்துத் தவமாகக் கொண்டவர் அவர். பேரன் நிறுவிக்கொடுத்த லினக்ஸ் இயங்குதளம் அக்கணினியில் பல ஆண்டுகளாகப் பழுதின்றி இயங்கி வந்தது. அன்று மின்சாரம் திரும்பியபின் ஆளியை அழுத்தியபோது, வழக்கமாகப் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் அழகிய முகப்பு தோன்றவில்லை. கரிய திரையின் இடப்பக்க மேல்மூலையில் ஒரு சிறு கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கேட்டபோது, அனைத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவதைத் தவிர வழியில்லை என்று சொல்லப்பட்டதாம்.

திரை இருண்டிருப்பதைக் கண்டு கணினி இறந்துவிட்டது என்று முடிவு செய்யலாமா? விடை அறியப் பொறிநூல் கற்றிருக்க வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் புதுக்கியமைத்த பொன்னம்பலவாணேசர் ஆலயத்தில் பூசை வேளையில் நின்றவர்கள், மூலஸ்தானத்தின் முன் திரை இழுக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பார்கள். அவ்வேளையில் சுவாமி இல்லாமற் போய்விட்டார் என்று எவரும் நினைப்பதில்லை. உள்ளே அபிஷேகமோ அலங்காரமோ நடைபெறுகிறதென்பதை மணியோசையாலும், திரையின் ஓரத்தில் கசியும் விளக்கொளியாலும், மந்திரத்தின் முணுமுணுப்பாலும் அடியார்கள் உணர்ந்துகொள்கிறார்கள். கணினியின் கரிய திரைக்குப் பின்னாலும் அத்தகைய ஒலியும் ஒளியும் உண்டு. அவற்றைக் கேட்கவும் காணவும் அறிந்துகொள்வதே, காட்சி தோன்றாத கணினியை மீட்கும் கலையின் முதற் பாடம்.

ஆளியை அழுத்திய கணத்துக்கும் முகப்பு தோன்றும் கணத்துக்கும் இடையில் நிகழ்வன யாவை என்பதை விளங்கிக்கொள்ள, கோட்டையிலிருந்து கடலோரமாகத் தெற்கு நோக்கிப் புறப்படும் புகையிரதத்தை நினைத்துக்கொள்வோம். கோட்டை நிலையம் என்பது, கணினியின் தாய்ப்பலகையில் நிரந்தரமாகப் பொறிக்கப்பட்டிருக்கும் நிலைபொருள். அது நினைவகமும் விசைப்பலகையும் வன்றட்டும் இருக்கின்றனவா என்று பரீட்சித்துவிட்டு, கட்டுப்பாட்டை அடுத்த நிலையத்துக்கு ஒப்படைக்கிறது. கொம்பனித்தெரு என்பது துவக்கி. லினக்ஸ் கணினிகளிற் பெரும்பாலும் கிரப் எனப்படும் இச்சிறு நிரலின் கடமை, கெர்னலை வன்றட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் ஏற்றுவதேயாம். கொள்ளுப்பிட்டி என்பது கெர்னல். தமிழிற் கரு என்று சொல்லத்தகும் இந்த உள்மையமே 1991இல் ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது. யந்திரத்தின் ஒவ்வோர் உறுப்போடும் நேரே பேசும் அதிகாரம் இதற்கே உண்டு. பம்பலப்பிட்டியில், கோப்புத் தொகுதிகளை இணைத்தல், வலையமைப்பை எழுப்புதல், நாட்குறிப்பு எழுதுதல் முதலிய பணிகளைச் செய்யும் சேவை நிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொள்கின்றன. இத்தனையும் கடந்த பின்னரே வெள்ளவத்தை வருகிறது. காட்சி வழங்கியும், பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு வரவேற்கும் வாயில் நிரலும் அங்கே எழுகின்றன. தெஹிவளையோ, புகுபதிகை முடிந்தபின் நாம் காணும் மேசைத்தளமும் சாளரங்களும் ஆகும்.

வெள்ளவத்தை மேடையில் காத்திருப்பவர், வண்டி வரவில்லையென்றால், தண்டவாளத்தைக் கடல் கொண்டுபோயிற்று என்று ஓலமிடுவதில்லை. பம்பலப்பிட்டியைக் கடந்ததா, கொள்ளுப்பிட்டியைக் கடந்ததா என்று நிலைய அதிபரை விசாரிக்கிறார். வண்டி கடைசியாகக் கடந்த நிலையமும் அது வந்து சேராத முதல் நிலையமும் தெரிந்துவிட்டால், தடை அவ்விரண்டுக்கும் இடையிலேயே இருக்க வேண்டும். திரை இருண்ட கணினியைப் பற்றிய ஆராய்ச்சி முழுவதும் இந்த ஒரு நியாயத்தின் விரிவேயாகும்.

காட்சி என்பது இத்தனை நிலையங்களுக்கு அப்பால் ஏன் வைக்கப்பட்டது என்று கேட்பது பொருத்தமான கேள்வியே. அதற்கு விடை சரித்திரத்தில் இருக்கிறது. லினக்ஸ் எந்த யுனிக்ஸ் மரபைப் பின்பற்றியதோ அம்மரபு 1969இல் பிறந்த காலத்தில், கணினியோடு பேசுவதற்குத் திரையே இருக்கவில்லை. தந்தி அலுவலகத்துப் பொறியைப் போன்ற தட்டச்சுத் தந்திக் கருவிகள் இருந்தன. மனிதன் ஒரு வரியைத் தட்டினான். கணினி ஒரு வரியைக் காகிதத்தில் அச்சிட்டு விடையிறுத்தது. அந்தக் கருவியின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கிய டீ டீ வை என்ற மூன்றெழுத்து, இன்றைய கணினியின் எழுத்து முனையங்களுக்கும் வழங்கி வருகிறது. படமும் சாளரமும் பிற்காலத்து வரவு. 1984இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்விக்கழகத்தில் எக்ஸ் சாளர முறைமை உருவாகத் தொடங்கியது. ஆங்கில அரிச்சுவடியில் டபிள்யூ என்ற எழுத்தைப் பெயராகக் கொண்ட முன்னோடி ஒன்றன் வழியில் வந்தமையால், அதற்கு அடுத்த எழுத்து இதற்குப் பெயராயிற்று. 1987இல் வெளியான அதன் பதினோராம் பதிப்பே இன்றளவும் நின்று நிலவுகிறது. அம்முறைமையில், திரையில் வரையும் பொறுப்பை வழங்கி எனப்படும் தனியொரு நிரல் ஏற்றுக்கொண்டது; எழுதுகருவியோ படக்கருவியோ எதுவாயினும், 'எனக்கு இங்கே ஒரு கோடு வரைந்து தருக' என்று அந்நிரலிடம் விண்ணப்பிக்க வேண்டும். அந்நிரல் வீழ்ந்தால் காட்சி மறையுமேயன்றிக் கரு மறைவதில்லை, கோப்புகள் சிதைவதில்லை, வலையமைப்பும் அறுவதில்லை. நமக்குக் காட்சியே கணினியாகத் தோன்றுகிறது. கணினிக்கோ காட்சி, தான் செய்யும் பல ஊழியங்களுள் ஒன்று.

அந்த ஆசிரியர் சைவ சித்தாந்தம் கற்பித்தவராகையால், அவருக்கு நான் கணினி மொழியிற் பேசவில்லை. அளவை நூலார் வகுத்த காண்டல், கருதல், உரை என்னும் மூன்றையும் நினைவூட்டினேன். கண்ணால் நேரே அறிவது காண்டல். கண்டதைக்கொண்டு காணாததை அனுமானிப்பது கருதல். அறிந்தவர் வாய்மொழியை ஏற்பது உரை. இம்மூன்றினாலேயே, கொட்டாஞ்சேனையில் இருந்த யந்திரத்தின் நோயை வெள்ளவத்தையிலிருந்து அறிய முயன்றோம்.

முதலிலே காண்டல். விசைப்பலகையில் பேரெழுத்துப் பூட்டு விசையை அழுத்துங்கள், அதன் சிறு விளக்கு ஏறி இறங்குகிறதா என்று கேட்டேன். இறங்குகிறது என்றார். அவ்விளக்கை ஏற்றி அணைப்பது விசை அன்று. விசை அழுத்தப்பட்ட செய்தியைக் கெர்னல் பெற்று, விளக்கை ஏற்றும்படி திருப்பிக் கட்டளையிடுகிறது. ஆகவே, விளக்கு ஏறினால் கரு உயிரோடு இருக்கிறது என்பது வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்ததற்கு ஒப்பாகும். அடுத்தது கருதல். மூலையில் மின்னும் கோட்டைத் திரைக்கு அனுப்புவதும் கெர்னலே. அக்கோடு தெரிகிறதென்றால், திரைப்பெட்டிக்கு மின்சாரம் வருகிறது, இணைப்புக் கம்பி பழுதின்றி இருக்கிறது, காட்சி அட்டையும் அடிப்படை வேலையைச் செய்கிறது என்ற மூன்று முடிவுகளும் ஒரே அடையாளத்தால் சித்திக்கின்றன. கடற்காற்றின் உப்பு உலோகத் தொடுகைகளை அரிக்கும் எங்கள் நகரத்தில், கோடும் இல்லாது முற்றிலும் இருண்ட திரையாயின், கம்பியைக் கழற்றித் துடைத்து மீண்டும் செருகுவதே முதற் பரிகாரமாக இருந்திருக்கும். இங்கு அதற்குத் தேவை இருக்கவில்லை.

பின்னர், கண்ட்ரோல், ஆல்ட் என்னும் இரு விசைகளையும் பிடித்துக்கொண்டு எஃப்3 என்பதை அழுத்தச் சொன்னேன். லினக்ஸ் கணினி ஒரே திரையிற் பல எழுத்து முனையங்களை வைத்திருக்கிறது. ஒரு மண்டபத்துக்குப் பல வாயில்கள் இருப்பதுபோல, அலங்கார வாயில் அடைபட்டிருந்தாலும், பக்கத்து வாயிலால் உள்ளே போகலாம். கருமையில் வெள்ளெழுத்து வரியொன்று தோன்றிப் பெயரைக் கேட்டது. பெயரைத் தட்டினார், கடவுச்சொல்லைத் தட்டினார், தட்டத் தட்ட ஒரு புள்ளியேனும் திரையில் விழாமையால் விசைப்பலகையும் செத்துவிட்டதென்று கலங்கினார். அருகில் நிற்பவர் எழுத்துகளின் எண்ணிக்கையைக்கூட அறியலாகாது என்பதற்காகவே அது மறைக்கப்படுகிறது என்று விளக்கி, முழுவதையும் தட்டி முடிக்கச் சொன்னேன். உள்ளே போனார். பம்பலப்பிட்டி வரையில் வண்டி செம்மையாக வந்து சேர்ந்திருக்கிறது என்பது அத்துடன் நிரூபணமாயிற்று.

இனி உரை. லினக்ஸின் ஒவ்வொரு பகுதியும் தான் செய்ததையும், செய்ய முயன்று தோற்றதையும், நேரத்தோடு ஓர் ஏட்டில் எழுதி வைக்கிறது. இக்காலத்துக் கணினிகளில் ஜேர்னல் என்ற பொது நாட்குறிப்பு உண்டு. இந்த முறை எழுந்தபோது நிகழ்ந்தவற்றை மட்டுமன்றி, அதற்கு முந்திய முறை எழுந்தபோது நிகழ்ந்தவற்றையும் வேறாகப் பிரித்துக் காட்டும்படி அதனிடம் கேட்கலாம். எக்ஸ் வழங்கி தனக்கென வேறோர் ஏடும் வைத்திருக்கிறது. அதில் வெறும் செய்திக்கு இரட்டை 'ஐ', எச்சரிக்கைக்கு இரட்டை 'டபிள்யூ', பிழைக்கு இரட்டை 'ஈ' என்று ஆங்கில எழுத்துகளால் வரிகள் குறியிடப்பட்டிருப்பதால், நூற்றுக்கணக்கான வரிகளுக்கிடையில் பிழை வரியை மட்டும் தேடிப் பிடிப்பது சிரமமான காரியமன்று. சாட்சியங்களுள் முதலில் தோன்றும் பிழையே பெரும்பாலும் மூலகாரணத்துக்கு அண்மையது என்பதையும், அதன்பின் வருபவை அதன் விளைவுகளாகவே இருக்கக்கூடும் என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும். சரிந்த அடுக்கில் கீழே கிடக்கும் பானைகள் எத்தனையாயினும் முதலில் வழுக்கிய பானை ஒன்றே.

அவர் வரி வரியாக வாசித்தார். வாயில் நிரல் எழ முயன்றது, வீழ்ந்தது, மேற்பார்வை செய்யும் சேவை அதனைச் சில முறை மறுபடியும் எழுப்பியது, மறுபடியும் வீழ்ந்தது, இனி முயல்வதில்லை என்று விடப்பட்டது. அவ்வீழ்ச்சிகளுக்கெல்லாம் முன்னதாக ஒரு வரி இருந்தது. சாதனத்தில் இடம் மிச்சமில்லை என்பது அதன் பொருள். வன்றட்டின் கொள்ளளவைக் கூறும் டி எஃப் என்ற ஈரெழுத்துக் கட்டளையைத் தட்டச் சொன்னேன். நூற்றுக்கு நூறு நிரம்பிவிட்டது என்று விடை வந்தது.

நிரப்பியது அவருடைய தவமேயாம். ஏ4 அளவுத் தாள் ஒன்றை, அங்குலத்துக்கு 600 புள்ளி நுணுக்கத்தில், வண்ணத்தோடு, சுருக்காமற் பதிந்தால், அந்த ஒரு பக்கம் ஏறத்தாழ 100 மெகாபைட் இடத்தைப் பிடிக்கிறது. ஆயிரம் பக்கம் 100 ஜிகாபைட்டை விழுங்கிவிடும். ஒரு சமூகத்தின் ஞாபகத்தைக் காப்பாற்ற அவர் சேர்த்த பக்கங்களே, மாதக்கணக்கில் சிறுகச் சிறுகப் பெருகி, வன்றட்டின் கடைசி மூலையையும் அடைத்துவிட்டன.

இடம் முற்றாகத் தீர்ந்துபோன கணினியில் எழுத்து வாயில் மட்டும் திறந்தது எப்படி என்ற கேள்வி இங்கே எழும். நம் வீடுகளில் உலையில் அரிசி இடுமுன் தாய்மார் ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போட்டு வைப்பதுண்டு. பிடியரிசி என்று பெயர் பெற்ற அந்தச் சேமிப்பு, வீட்டில் ஒன்றுமில்லாத நாளில் கைகொடுக்கும். லினக்ஸில் பெரிதும் வழங்கும் எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையும், வழக்கமாக, நூற்றுக்கு 5 பங்கு இடத்தைத் தலைமை நிர்வாகிக்கென ஒதுக்கி வைத்துவிடுகிறது. சாதாரணப் பயனர்களுக்கு இடம் தீர்ந்துவிட்டாலும், நிர்வாகியின் அதிகாரத்தில் இயங்கும் அடிப்படைச் சேவைகள் அந்தப் பிடியரிசியைக்கொண்டு உயிர் வாழ்கின்றன. எழுத்து வாயிலோ தான் திறப்பதற்கு வன்றட்டில் எதையும் எழுதிவைக்கும் அவசியமில்லாதது. அழகிய முகப்பை வரையும் வாயில் நிரல், பாதுகாப்பின் பொருட்டு, அதிகாரம் குறைந்த தனிப் பயனராகவே இயங்குகிறது. எழும்போது சில சிறு கோப்புகளை அது எழுதியாக வேண்டும். பிடியரிசியில் அதற்குப் பங்கு இல்லை. எழுத இடமின்றி அது வீழ்ந்தது, திரை இருண்டது. காரணத்திலிருந்து காரியம் வரையில் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இப்போது கைக்குள் வந்துவிட்டது.

மின்வெட்டு என்ன குற்றம் செய்தது? காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையை வடநூலார் காகதாலீய நியாயம் என்பர். வன்றட்டு முன்னமே நிரம்பிவிட்டது. ஆயினும் முகப்பும் மேசைத்தளமும் ஏற்கெனவே எழுந்து நின்றமையால் குறை வெளிப்படவில்லை. மின்சாரம் போய்த் திரும்பியபோது எல்லாம் அடியிலிருந்து மீண்டும் எழ வேண்டியதாயிற்று. அப்போதுதான் குறை தெரிந்தது. ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தமையால் முன்னது பின்னதற்குக் காரணம் என்று கொள்வது, கணினியிலும் வைத்தியத்திலும் அரசியலிலும் நம்மைத் திரும்பத் திரும்ப வழிதவறச் செய்யும் மயக்கம். ஏட்டிலிருந்த சாட்சியமே அம்மயக்கத்தைத் தெளிவித்தது.

பரிகாரம் எளிது. புறவன்றட்டு ஒன்றை இணைத்து, சில மலர்களின் பக்கங்களை அதற்குப் பிரதி செய்து, பிரதி முழுமையாக இருக்கிறதென்று சரிபார்த்த பின்னரே மூலத்தை நீக்கி, வாயில் நிரலை மீண்டும் எழுப்பும்படி ஒரு கட்டளை தட்டியபோது, சில நொடிகளில் முகப்பு தோன்றிற்று.

எல்லா இருளுக்கும் காரணம் இது ஒன்றே என்று வாசகர் எண்ணிவிடலாகாது. அடிக்கடி நேர்வது இயக்கியின் பிணக்கு. நம் நீதிமன்றங்களில், நீதிபதியின் மொழியறியாத சாட்சிக்கும் சாட்சியின் மொழியறியாத நீதிபதிக்கும் இடையே நின்று மொழிபெயர்க்கும் முதலியார் இருந்தாரல்லவா? கெர்னலுக்கும் காட்சி அட்டைக்கும் இடையே இயக்கி அத்தகைய துவிபாஷி. என்விடியா போன்ற நிறுவனங்கள் தாமே செய்து வழங்கும் இயக்கி, ஒவ்வொரு கெர்னல் பதிப்புக்கும் ஏற்ப மீண்டும் கட்டப்பட வேண்டியது. கெர்னல் புதுப்பிக்கப்பட்டு, இயக்கி கட்டப்படாமல் விடுபட்டால், புதிய நீதிபதி வந்து அமர்ந்திருக்க, முதலியார் வராத மன்றத்தின் நிலையே ஏற்படும். இதற்கென்றே பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்கள் பழைய கெர்னலை உடனே அழிப்பதில்லை. துவக்கியின் பட்டியலில் முந்திய பதிப்பைத் தெரிவு செய்து எழுப்பிப் பார்க்கலாம். பழையது எழுந்து புதியது எழாவிட்டால், பிழை அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாற்றத்தில் இருக்கிறது என்பது உறுதி.

அதுவும் உதவாதபோது, காய்ச்சற்காரனுக்குக் கஞ்சி கொடுக்கும் வைத்திய முறையைக் கையாளலாம். 2009இல் வெளியான 2.6.29 என்ற பதிப்பு முதற்கொண்டு, திரையின் நுணுக்கத்தையும் அளவையும் அமைக்கும் பொறுப்பைக் கெர்னலே படிப்படியாக ஏற்றுக்கொண்டது. துவக்கியின் கட்டளை வரியில் நோமோட்செட் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால், கெர்னல் அப்பொறுப்பை விட்டுவிட்டு, நிலைபொருள் அமைத்துக் கொடுத்த எளிய காட்சியோடு அமைதியடைகிறது. படம் மங்கலாகவும் மெதுவாகவும் இருக்கும். ஆனால் உள்ளே புகுந்து இயக்கியைச் சீர்செய்யப் போதும். நோயாளி கஞ்சியிலேயே காலம் கழிக்கக் கூடாததுபோல, இயக்கி சீரானபின் அச்சொல்லை நீக்கிவிட வேண்டும்.

மூன்றாவது வகை, வாயில் திறந்து, கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டு, கணநேரம் இருண்டு, மீண்டும் அதே வாயிலில் நிறுத்தும் சுழற்சி. எக்ஸ் முறைமையில் இதற்கு வழக்கமான காரணம், பயனருடைய வீட்டுக் கோப்புறையிலுள்ள அனுமதிச்சீட்டுக் கோப்பொன்று, நிர்வாகி அதிகாரத்தோடு ஏதோவொரு வேலை செய்தபோது நிர்வாகியின் உடைமையாக மாறிவிடுவது. சொந்த வீட்டுத் திறப்பு வேறொருவர் பெயரில் எழுதப்பட்டதற்கு ஒப்பானது அது. இங்கே அழகிய ஒரு பரீட்சை உண்டு: எழுத்து முனையத்தில் புதிய பயனர் ஒருவரை உண்டாக்கி, அவர் பெயரால் புகுந்து பாருங்கள். அவருக்குக் காட்சி எழுந்தால், யந்திரமும் இயக்கியும் வழங்கியும் குற்றமற்றவை. பிழை பழைய பயனரின் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2008இல் தொடங்கப்பட்ட வேலண்ட் என்ற புதிய காட்சி நெறி எக்ஸின் இடத்தைப் பெரிதும் பிடித்துவரும் இந்நாளில், கோப்புகளின் பெயரும் ஏடுகளின் இருப்பிடமும் மாறினாலும், ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலைநிறுத்திப் பார்க்கும் இந்தப் பரீட்சையின் நியாயம் மாறுவதில்லை.

இவ்வளவும் ஏன் சாத்தியமாகிறது என்று எண்ணிப் பார்க்கும்போது, என் மனம் நன்றியால் நிறைகிறது. மூலநிரலை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற தர்மத்தின்மேல் எழுப்பப்பட்ட முறைமையாதலால், அது தன் தவறுகளையும் எவரும் வாசிக்கும் ஏட்டில் எழுதி வைக்கிறது. அந்தத் தர்மத்துக்கு இந்நகரமும் அந்நியமானதன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை கரையோரங்களைச் சூறையாடியபின், காணாமற் போனோரைத் தேடவும் முகாம்களைப் பதிந்துகொள்ளவும் சில வாரங்களுக்குள் சஹானா என்ற கட்டற்ற மென்பொருளை ஆக்கியவர்கள் இலங்கைத் தொண்டர்களே; பின்னர் அது பிற நாட்டு அனர்த்தங்களிலும் பயன்பட்டது. துயரத்தில் எழுதியதைத் திறந்து வைத்தமையால் அது மற்றவருக்கும் உதவிற்று.

அனைத்தையும் அழித்துப் புதிதாக நிறுவுக என்ற ஆலோசனை தீய எண்ணத்தால் சொல்லப்படுவதன்று. விரைவாகப் பலன் தரக்கூடியதுங்கூட. ஆயினும் அழித்துவிட்டால் நோயின் காரணமும் அழிந்துபோகிறது. அதே வன்றட்டு அதே வேகத்தில் நிரம்பி, அடுத்த ஆண்டு அதே இருள் திரும்பும். அந்த ஆசிரியரின் வன்றட்டிலோ, அழிந்தால் மீண்டும் இரவல் வாங்க இயலாத பக்கங்கள் இருந்தன. கொடுத்தவர்களுட் சிலர் காலமாகிவிட்டார்கள். முகப்பு தோன்றிய அந்த இரவு, அவர் என்னைத் தொலைபேசியில் காத்திருக்கச் செய்துவிட்டு, ஒரு மலரைத் திறந்து, முதற் பக்கத்திலிருந்த ஆசியுரையைச் சத்தமாக வாசித்தார். வாசித்து முடிக்குமுன் மின்சாரம் மறுபடியும் போயிற்று. இம்முறை அவர் கலங்கவில்லை. "வரட்டும் தம்பி, உள்ளே எல்லாம் இருக்குது" என்றார்.